வானத்தை மூடுவது யார்?

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பப் போகிறது என்றால், பழவேற்காட்டு மீனவர்களுக்கு முன்கூட்டியே தகவல் வந்துவிடும். இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன பகுதிக்குள் படகு போகக் கூடாது என்பதே அத்தகவல். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கத்து மாணவர்களில் பலர் மொட்டை மாடியில் நின்றே அந்த நெருப்புக் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். அப்போது ஒன்றைக் கவனித்தீர்களா? ராக்கெட் செல்லும் பாதையில் ஒரு பயணி விமானம்கூட இராது. படகுகளுக்குக் கடல் மூடப்பட்டது போலவே விமானங்களுக்கு வானமும் மூடப்பட்டிருக்கும்.

வானத்தை மூடுவதா? அதற்குக் கதவு ஏது, பூட்டு ஏது என்று கேட்பீர்கள். கதவும் பூட்டும் இல்லைதான். ஆனால் வானத்தை மூடலாம், மூடவும் செய்கிறார்கள். ராக்கெட்டுக்காக மூடுவது எளிது. போருக்காக மூடுவதுதான் கடினம். ஏன் என்று பார்ப்போமா?

வானம் யாருடையது?

1944 டிசம்பர் 7 ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மீதுள்ள வானம் முழுவதும் சொந்தம் என்று அதன் முதல் விதி சொல்கிறது. பாதுகாப்புக்குத் தேவையானால் தன் வானத்தின் ஒரு பகுதியை மூடும் உரிமையும் அந்நாட்டுக்கு உண்டு. இந்த உடன்படிக்கையின்படி பிறந்ததுதான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. இதன் தலைமையகம் கனடாவில் மான்ட்ரீல் நகரில் இருக்கிறது.

உலக வானம் முழுவதையும் பல தகவல் மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் வானமும் வங்கக் கடலின் ஒரு பகுதியும் சென்னை மண்டலத்தைச் சேர்ந்தவை. தெற்கே சென்றால் கொழும்பு மண்டலம் வந்துவிடும். ஒரு மண்டலத்தில் ஏதேனும் இடர் இருந்தால் விமானிகளுக்கு ஓர் அறிவிப்பு வெளியிடப்படும். இதனை 'நோட்டாம்' என்பார்கள். எந்த இடம், எவ்வளவு உயரம் வரை, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்று எல்லாம் அதில் இருக்கும். விமானம் கிளம்புவதற்கு முன் விமானி இவற்றைப் படித்தாக வேண்டும்.

ராக்கெட் கிளம்பும் நாளில் வெளிவருவதும் ஒரு நோட்டாம்தான். ராக்கெட்டை ஏவுகிறவர்களுக்கு அது போகும் பாதை தெரியும். எரிந்து முடிந்த அடுக்குகள் கடலில் எங்கே விழும் என்பது தெரியும். நேரமும் தெரியும். தெரிந்தவர்களே சொல்லியும் விடுகிறார்கள். அதனால் வேலை எளிதாகிறது.

தொழிற்சாலையில் ஒரு பாடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கும் ஆலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் உண்டு. அங்கே வேலை செய்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். தலைக்கு மேல் ஓடும் கிரேன் ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது மணி ஒலிக்கும். அதன் கீழே யாரும் நிற்கக் கூடாது. கிரேனை ஓட்டுபவருக்கு இடர் எங்கே என்று தெரியும். கீழே நிற்பவருக்கு மணி கேட்கும். இருவருக்கும் நடுவே தகவல் ஓடுகிறது. அதனால் உயிர் பிழைக்கிறது.

இப்போது வேறுவிதமாகக் கற்பனை செய்யுங்கள். கிரேனை ஓட்டுவது யார் என்று தெரியவில்லை. எந்த நேரத்தில் ஓட்டுவார் என்பதும் தெரியவில்லை. அவர் மணி அடிக்கவும் மாட்டார். அந்தக் கொட்டகைக்குள் நீங்கள் நடந்து போவீர்களா? மணி கேட்கவில்லையே, ஆகவே இடர் இல்லை என்று முடிவு கட்டுவீர்களா?

போர் நடக்கும் நாட்டின் வானம் இந்த இரண்டாவது கொட்டகையைப் போன்றது.

எவ்வளவு உயரம் போதும்?

நெடுந்தூரம் செல்லும் பயணி விமானம் தரையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும். அவ்வளவு உயரத்தில் என்ன ஆபத்து என்று கேட்கத் தோன்றும். அது தரையில் எந்த ஆயுதம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

தோளில் வைத்து ஒருவரே ஏவக்கூடிய சிறு ஏவுகணைகள் உண்டு. விமான எஞ்சினின் வெப்பத்தை நாடி அவை பாயும். அவை ஏறக்கூடிய உயரம் ஏறத்தாழ 4 அல்லது 5 கிலோமீட்டர்தான். உயரத்தில் செல்லும் விமானத்தை அவை எட்டா. ஆனால் கிளம்பும்போதும் இறங்கும்போதும் விமானம் தாழ்வாகத்தானே பறக்கும்? அப்போது எட்டும்.

ராடாரின் துணையோடு வண்டியிலிருந்து ஏவப்படும் பெரிய ஏவுகணைகள் வேறு வகை. ரஷ்யாவில் உருவான 'பூக்' என்பது அதில் ஒன்று. 10 கிலோமீட்டர் உயரம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. 20 கிலோமீட்டருக்கும் மேலே அது செல்லும். அதன் வேகம் ஒலியின் வேகத்தைப் போல் ஏறத்தாழ 3 மடங்கு. பயணி விமானத்தில் ஏவுகணை வருவதை அறியும் கருவி பொதுவாக இருப்பதில்லை. அறிந்தாலும், விலகிச் செல்லும் திறனும் அவ்வளவு பெரிய விமானத்துக்கு இல்லை. ஆகவே வானத்தில் ஏறிய பிறகு விமானி செய்யக்கூடியது எதுவுமில்லை. முடிவை முன்னதாகவே, தரையிலேயே எடுத்தாக வேண்டும்.

ராடார் திரையில் ஒரு புள்ளி

யார்தான் பயணி விமானத்தைச் சுடுவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலும் தவறான அடையாளத்தால் இது நேர்கிறது. ராடார் வானில் ஓர் அலையை அனுப்புகிறது. பொருளின் மேல் பட்டு அது திரும்பி வருகிறது. திரையில் தெரிவது ஒரு புள்ளிதான். அதில் குழந்தைகள் இருக்கிறார்களா, குண்டு இருக்கிறதா என்று புள்ளி சொல்வதில்லை. பயணி விமானம் 4 இலக்க எண் ஒன்றையும் தன் உயரத்தையும் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே பறக்கும். ஆனால் அஞ்சி நடுங்கும் வேளையில், சில விநாடிக்குள், அதைச் சரிபார்க்க எல்லோராலும் முடிவதில்லை.

1983 செப்டம்பர் 1 ஆம் நாள் வழி தவறிச் சோவியத் வானத்துக்குள் சென்ற தென் கொரிய விமானம் சுடப்பட்டு 269 பேர் மாண்டனர். இதன்பின் 1984 இல், பறக்கும் பயணி விமானத்தின் மீது ஆயுதம் பயன்படுத்தலாகாது என்று சிகாகோ உடன்படிக்கையில் தனி விதியே சேர்த்தார்கள். ஆயினும் 1988 ஜூலை 3 ஆம் நாள் பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று ஈரான் நாட்டுப் பயணி விமானத்தைப் போர் விமானம் என்று எண்ணிச் சுட்டது. 290 பேர் இறந்தனர். விதி தேவைதான். ஆனால் விதி மட்டும் ஏவுகணையை நிறுத்தாது.

ஆயிரம் அடி

2014 இல் உக்ரைன் நாட்டின் கிழக்கே சண்டை மூண்டது. சுடப்பட்டவை முதலில் ஹெலிகாப்டர்களும் இராணுவ விமானங்களும்தாம். ஜூன் மாதம் 26,000 அடிக்குக் கீழுள்ள வானத்தை உக்ரைன் மூடியது. ஜூலை 14 ஆம் நாள் ஏறத்தாழ 6,500 மீட்டர் உயரத்தில் பறந்த இராணுவச் சரக்கு விமானம் ஒன்று சுடப்பட்டது. தோளில் ஏந்தும் ஏவுகணை அந்த உயரத்துக்கு எட்டாது அல்லவா? அப்படியானால் பெரிய ஆயுதம் ஏதோ வந்துவிட்டது என்றுதானே பொருள்? மூடிய எல்லையை 32,000 அடிக்கு உயர்த்தினார்கள். அதற்கு மேல் வானம் திறந்தே இருந்தது.

மூன்று நாள் கழித்து, ஜூலை 17 அன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குச் சென்ற மலேசிய விமானம் எம்.எச்.17 அந்த வழியே 33,000 அடி உயரத்தில் பறந்தது. மூடப்பட்ட எல்லைக்கு மேலே 1,000 அடி. அதாவது 305 மீட்டர். பூக் ஏவுகணை ஒன்று அருகே வெடித்தது. விமானத்திலிருந்த 298 பேரும் மாண்டனர்.

நெதர்லாந்தின் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்து 2015 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. அதில் நம்மைத் திடுக்கிட வைக்கும் செய்தி ஒன்று உண்டு. அன்று வானம் மூடப்படுவதற்கு முன் அதே பகுதிக்கு மேலே 160 பயணி விமானங்கள் பறந்திருந்தன. பல நாட்டு நிறுவனங்கள் அதைப் பாதுகாப்பான வழி என்றே கருதின. "திறந்திருக்கிறது, ஆகவே இடரில்லை" என்பதே அவற்றின் கணக்கு. சில நிறுவனங்கள் மட்டும் தாமாகவே முன்பே விலகிச் சென்றன.

உக்ரைன் ஏன் முழுவதும் மூடவில்லை? போரில் இருக்கும் நாடுகள் தாமாக வானத்தை மூடுவது அரிது என்று அந்த அறிக்கையே கூறுகிறது. காரணங்களை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். மூடினால் தன் நிலத்தின் ஒரு பகுதி தன் கையில் இல்லை என்று ஒப்புக்கொண்டது போலாகும். மேலே பறக்கும் விமானங்கள் தரும் கட்டணமும் நின்றுபோகும். எதிரியிடம் என்ன ஆயுதம் இருக்கிறது என்பதும் முழுவதும் தெரியாது. இடரை அறிந்தவன் ஏவுகிறவன். அவன் சொல்ல மாட்டான்.

2020 ஜனவரி 8 ஆம் நாள் இன்னொரு வகைத் துயரம் நடந்தது. ஈராக்கிலிருந்த அமெரிக்கப் படைத்தளங்கள் மீது ஈரான் ஏவுகணை வீசியது. பதிலடி வரும் என்று எதிர்பார்த்து ஈரானின் காவற்படைகள் விழிப்பாக இருந்தன. ஆனால் பயணி விமானங்களை நிறுத்தவில்லை. சில மணி நேரத்துக்குள், டெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானத்தை ஈரானின் காவற்படையே தவறாகச் சுட்டது. 176 பேர் இறந்தனர். ஏவுகிறவர்களும் வானத்தைத் திறந்து வைத்தவர்களும் ஒரே நாட்டினர். இருந்தும் தகவல் நடுவே ஓடவில்லை.

நமக்கு அருகே

இந்த விஷயம் நமக்குத் தொலைவானதன்று. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து வரும் தோழர்கள் உங்கள் வகுப்பில் இருக்கலாம். அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பலாலி விமான நிலையத்தின் பெயர் நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்துக்கு வடக்கே உள்ளது அது. 1947 இலேயே கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையிலிருந்து அங்கு வந்து, பின் சென்னைக்கு விமானம் பறந்திருக்கிறது.

1998 செப்டம்பர் 29 ஆம் நாள் பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய 'லயன் ஏர்' நிறுவனத்தின் சிறு விமானம் சற்று நேரத்தில் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். பயணிகளில் பெரும்பாலோர் தமிழர்கள். விடுதலைப் புலிகளின் ஏவுகணை தாக்கியதாக இலங்கை அரசு கூறியது. போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்தே கடலடியிலிருந்து விமானத்தின் பாகங்கள் எடுக்கப்பட்டன.

அந்த நிகழ்ச்சிக்குப் பின் பயணி விமானச் சேவை நிறுத்தப்பட்டது. தரைவழியும் அப்போது அடைபட்டிருந்தது. திருகோணமலைக்குக் கப்பலில் செல்வதே யாழ்ப்பாண மக்களுக்கு மிஞ்சிய வழி. நோயாளியும் கப்பலுக்குக் காத்திருந்தார். தேர்வெழுதப் போகும் மாணவனும் காத்திருந்தான். மாணவர்களே, இதையும் மறக்கக் கூடாது. வானத்தை மூடுவதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை மக்களே தருகிறார்கள். அதனால்தான் இம்முடிவு கடினமாகிறது.

விலகிச் செல்வதன் கணக்கு

விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பெரிய விமானம் ஒன்று மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கிறது. 450 கிலோமீட்டர் சுற்றிப் போனால் அரை மணி கூடும். எம்.எச்.17 போன்ற போயிங் 777 விமானம் மணிக்குச் சுமார் 7 டன் எரிபொருள் எரிக்கும். அரை மணிக்கு மூன்றரை டன். இத்துடன் முடியவில்லை. அந்த மூன்றரை டன்னையும் விமானம் சுமக்க வேண்டுமே! கூடுதல் சுமையைச் சுமப்பதற்கே, ஒவ்வொரு மணிக்கும் அந்தச் சுமையில் 100க்கு 3 அல்லது 4 பங்கு எரிபொருள் செலவாகும். 8 மணி நேரப் பயணத்தில் இது மட்டும் ஏறத்தாழ ஒரு டன்.

2019 பிப்ரவரி 27 முதல் ஜூலை 16 வரை பாகிஸ்தான் தன் வானத்தின் பெரும்பகுதியை மூடியிருந்தது. தில்லியிலிருந்து மேற்கே சென்ற விமானங்கள் சுற்றிப் போயின. ஜூலை 2 வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் இழப்பு என்று நாடாளுமன்றத்தில் அமைச்சர் தெரிவித்தார். தில்லியிலிருந்து இஸ்தான்புல் சென்ற இண்டிகோ விமானம் எரிபொருளுக்காக வழியில் தோஹாவில் இறங்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றன் விமானங்களுக்கு மற்றொன்று வானத்தை மீண்டும் மூடின.

தெரியாதது பூஜ்யம் ஆகாது

அப்படியானால் எப்படி முடிவு செய்வது? இடரை அளக்க ஒரு பெருக்கல் உண்டு. ஒரு கேடு நேரும் வாய்ப்பை, நேர்ந்தால் வரும் இழப்பால் பெருக்க வேண்டும். ஆலையின் தரையில் எண்ணெய் சிந்தினால் ஒருவர் வழுக்கி விழும் வாய்ப்பு அதிகம், இழப்பு சிறிது. உருகிய இரும்புக் கொப்பரை கவிழும் வாய்ப்பு மிகக் குறைவு. இழப்போ மிகப் பெரிது. அதனால்தான் கொப்பரைக்கு அத்தனை காவல். விமானமும் கொப்பரையைப் போன்றதே. வாய்ப்பு மிகச் சிறியதாயினும் பெருக்கல் தொகை பெரியது.

சரி, வாய்ப்பு எவ்வளவு என்றே தெரியாவிட்டால்? பெருக்கலில் அந்த இடத்தில் எந்த எண்ணை எழுதுவீர்கள்? 2014 இல் பலரும் அறியாமலே பூஜ்யம் எழுதினார்கள். பூஜ்யத்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்யம்தானே! தவறு அங்கேதான் நேர்ந்தது. "இடர் இல்லை என்று தெரியும்" என்பது ஒன்று. "இடர் இருப்பதாகத் தெரியவில்லை" என்பது வேறொன்று. இரண்டும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும், பொருளோ வெவ்வேறு.

ஆகவே நல்ல விமான நிறுவனம் நோட்டாமுக்காக மட்டும் காத்திருப்பதில்லை. தானே சில கேள்விகளைக் கேட்கிறது. உயரத்துக்கு எட்டும் ஏவுகணை அங்கே உண்டா? அது பயிற்சி பெற்ற படையிடம் இருக்கிறதா, வேறு யாரிடமாவது இருக்கிறதா? அதே வானில் இராணுவச் சரக்கு விமானங்களும் பறக்கின்றனவா? பறந்தால் தவறான அடையாளம் எளிதில் நேரும். நிலம் முழுவதும் அரசின் கையில் இருக்கிறதா?

இன்னொரு கேள்வியும் உண்டு. பலருக்கு இது தோன்றாது. விமானத்தினுள் காற்றழுத்தம் திடீரெனக் குறைந்துவிட்டால், பயணிகள் மூச்சுவிடுவதற்காக விமானி ஏறத்தாழ 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். எஞ்சின் ஒன்று நின்றுபோனாலும் உயரத்தைக் குறைக்க வேண்டிவரும். அப்போது கீழே என்ன இருக்கிறது? 33,000 அடியில் பாதுகாப்பாக இருந்த விமானம் 10,000 அடியில் சிறு ஏவுகணைக்கும் எட்டும் இலக்காகிவிடும். ஆகவே, "உயரத்தில் போகிறோம்" என்பது பாதிப் பதில்தான்.

எம்.எச்.17 க்குப் பின் இத்தகைய கேள்விகளை வரிசைப்படுத்தி, சர்வதேச அமைப்பு ஒரு கையேட்டையே வெளியிட்டது. ஒரு நாட்டின் உளவுச் செய்தி தன் விமான நிறுவனங்களுக்கு விரைவில் எட்ட வேண்டும் என்பதும் இப்போது வலியுறுத்தப்படுகிறது. வானத்தை மூடுவதிலும் வேகம் கூடியிருக்கிறது. 2025 ஜூன் 23 ஆம் நாள் கத்தார் தன் வானத்தைச் சில மணி நேரம் மூடியது. வளைகுடா நோக்கிச் சென்ற பல விமானங்கள் நடுவழியில் திரும்பின. பயணிகளுக்குத் தொல்லைதான். ஆனால் எல்லோரும் வீடு சேர்ந்தனர்.

மூடிய வானம் என்றும் மூடியே இருப்பதில்லை. 2019 நவம்பர் 11 ஆம் நாள் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் விமானம் பறந்தது. இறங்கியது அதே பலாலியில்தான்.

செய்து பாருங்கள்

1. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் 600 கிலோமீட்டர் சுற்றிப் போனால் எத்தனை நிமிடம் கூடும்? மணிக்கு 7 டன் என்ற கணக்கில் எரிபொருள் எவ்வளவு?

2. விநாடிக்கு 850 மீட்டர் வேகத்தில் வரும் ஏவுகணை 34 கிலோமீட்டரைக் கடக்க எத்தனை விநாடி ஆகும்? அதற்குள் முதற்கணக்கின் விமானம் எவ்வளவு தூரம் சென்றிருக்கும்?

3. உங்கள் வீட்டார் வேலை செய்யும் இடத்தில் உள்ள எச்சரிக்கை ஒன்றைக் கேட்டு எழுதுங்கள். அந்த இடரை முதலில் அறிபவர் யார்? அவர் யாருக்கு, எப்படிச் சொல்கிறார்? அவர் சொல்லத் தவறினால் மற்றவர் அதை வேறு எந்த வழியில் அறிய முடியும்?

விடைகள்: 1. 40 நிமிடம், ஏறத்தாழ 4.7 டன். 2. 40 விநாடி; 10 கிலோமீட்டர். மூன்றாவதன் விடையை வகுப்பில் படித்துக் காட்டி, மற்றவர்கள் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.